டாக்டரிடம் கேளுங்கள்: பீர்க்கங்காய் நாரைத் தூக்கிப் போடுங்கள்

கார்த்திகை முடிந்து மலையில் உறைபனி இறங்கத் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். பரு, முடி உதிர்தல் எல்லாம் பின்னுக்குப் போய், சொரசொரப்பு, வெடிப்பு, அரிப்பு முன்னுக்கு வரும். இந்த இதழுக்கு, தோலின் சொரசொரப்பைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் கிளினிக் வைத்திருப்பது குன்னூரில். அதனால் நம் ஊர்க் குளிரையும் நம் ஊர்க் குளியலறையையும் மனதில் வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். சமவெளி வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 19 வயது. வீடு கோத்தகிரி பக்கம், கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்தே இரண்டு மேல்கைகளிலும் வெளிப்பக்கம் பொடிப்பொடியாக மேடு. தொட்டால் சொரசொரவென்று இருக்கும். வலி இல்லை, பெரிதாக அரிப்பும் இல்லை. கோவையில் கொஞ்சம் பரவாயில்லை, லீவுக்கு வீட்டுக்கு வந்தால் அதிகமாகிறது. "நீ ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறதில்ல" என்று அம்மா பீர்க்கங்காய் நாரும் பயத்தம் மாவும் வைத்துத் தானே தேய்த்துவிடுகிறார். நானும் கண்ணாடி முன் நின்று கிள்ளிக் கிள்ளிச் சில இடங்கள் கறுத்துவிட்டன. மாசியில் அக்கா கல்யாணம். அதற்குள் சரியாகுமா?
பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: முதலில் உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். அம்மா, இது அழுக்கு இல்லை. உங்கள் பெண் சுத்தமாகத்தான் இருக்கிறாள். அந்த நாரைத் தூக்கிப் போடுங்கள்.

இப்படி மகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாக்களை, அவர்கள் ஸ்வெட்டர் கையையே முதலில் மேலே ஏற்றச் சொல்வேன். "எனக்கு எதுக்குங்க டாக்டர்?" என்பார்கள். ஏற்றியதும் மகளின் விரலைப் பிடித்து அம்மாவின் மேல்கையில், முழங்கைக்கும் தோளுக்கும் நடுவே வெளிப்பக்கமாக வைப்பேன். பல பேருக்கு அங்கேயும் இருக்கும், வயதில் மங்கிப்போய், லேசாக. அதற்கப்புறம் அந்த அறையில் திட்டு நின்றுவிடும். இது குடும்பத்தில் வருவது. அம்மா வழியில் இல்லாவிட்டால் அப்பா வழியில் தேடிப் பார், சித்தப்பா கையிலோ அத்தை கையிலோ கிடைக்கும்.

மருத்துவத்தில் இதற்குக் கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்று பெயர். பெயர்தான் பெரிது, நோய் என்று சொல்லவே எனக்குத் தயக்கம். ஒவ்வொரு மயிர்க்காலின் வாயிலும் கெரட்டின் என்கிற புரதம் கொஞ்சம் அதிகமாகச் சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. நீ தடவும்போது கைக்குத் தட்டுப்படும் ஒவ்வொரு மேடும் ஒரு அடைப்பு. சிலதில் உள்ளே ஒரு மெல்லிய முடி வெளியே வர வழியில்லாமல் சுருண்டு கிடக்கும். கிள்ளும்போது வெள்ளையாக ஒரு துணுக்கு வருகிறதே, சீழ் என்று நினைத்திருப்பாய். அது சீழ் இல்லை, அந்த அடைப்புதான். மேல்கை, தொடை, பின்புறம், சில பிள்ளைகளுக்குக் கன்னம், இவைதான் இதன் வழக்கமான இடங்கள். சின்ன வயதில் தொடங்கி, பருவ வயதில் அதிகமாகி, முப்பதுக்கு மேல் பலருக்குத் தானே தணிந்துவிடும். யாருக்கும் ஒட்டாது. உடம்புக்குள் எந்தக் கெடுதலும் செய்யாது.

கோவையில் குறைந்து கோத்தகிரியில் கூடுவது உன் மனப்பிரமை இல்லை. அடைப்பு இருக்கும் தோல் பெரும்பாலும் வறண்ட தோலும்கூட. மார்கழி, தை மாதங்களில் நம் மலைக்காற்றில் ஈரம் குறைந்துவிடும். அதோடு குளிருக்குப் பயந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோம். பாய்லரில் விறகு எரிகிறவரை குளியலறையை விட்டு வெளியே வர மனம் வராது, தெரியும். ஆனால் அந்தச் சூட்டில் தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசை எல்லாம் கரைந்து போய்விடுகிறது. அதன் மேல் சோப்பு, அதன் மேல் நார், துடைத்த கையோடு கம்பளி ஸ்வெட்டர். அடைப்புக்கு இதைவிடச் சௌகரியம் யாரும் செய்து கொடுக்க முடியாது. நாரால் தேய்த்தால் அன்று மேலாக மழமழப்பாகத் தெரியும். எரிச்சலடைந்த தோல் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் தடிக்கும். அதைப் பார்த்து அம்மா இன்னும் அழுத்தித் தேய்ப்பார்.

சரி, என்ன செய்வது?

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். பத்து நிமிடத்துக்குள் குளித்து முடி. சோப்பை அக்குள், இடுப்பு, பாதம் என்று தேவையான இடங்களுக்கு மட்டும் போடு. மேல்கைக்கு நுரை குறைவான, வாசனை இல்லாத கிளென்சர் போதும். அம்மாவின் மனசுக்காகப் பயத்தம் மாவு என்றால் அதுவும் சரிதான், நன்றாகச் சலித்த மாவாக, கையால் தடவிக் கழுவுவதோடு நிறுத்திக்கொள். நார் வேண்டாம், கல் வேண்டாம், எலுமிச்சைத் தோல் வேண்டவே வேண்டாம்.

குளித்து முடித்ததும் துண்டால் ஒற்றி எடு, துடைக்காதே. தோலில் ஈரம் மிச்சம் இருக்கும்போதே, அதாவது மூன்று நிமிடத்துக்குள், கிரீம் பூசிவிட வேண்டும். இந்த இடத்தில்தான் மலைப்பிள்ளைகள் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். காரணம் சோம்பல் இல்லை. ஜனவரிக் காலையில் ஐஸாக இருக்கும் கிரீமை ஈரக் கையில் பூசு என்றால் யார் பூசுவார்கள்? அதற்கு ஒரு வழி சொல்கிறேன். குளிக்கப் போகும்போதே கிரீம் ட்யூபை நன்றாக மூடி, ஒரு சொம்பு வெந்நீரில் போட்டுவிடு. குளித்து முடிப்பதற்குள் அது இளஞ்சூடாகியிருக்கும், இளகியும் இருக்கும். குளியலறையை விட்டு வெளியே வராமல் அங்கேயே பூசிக்கொண்டு, மேலே முழுக்கைப் பருத்திச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர். கம்பளி நேராகத் தோலில் உரசக் கூடாது. நான் சொல்லும் வழிகளில் பிள்ளைகள் விடாமல் செய்வது இந்தச் சொம்பு வெந்நீர் ஒன்றைத்தான்.

முதல் இரண்டு வாரம் வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும். லோஷன் வேண்டாம், கெட்டியான கிரீமாக இருக்கட்டும். பனிக்காலத்துக்கு லோஷன் பற்றாது. தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பாய். ஈரத்தின் மேல் பூசினால் அந்த ஈரத்தைக் காக்கும், நல்லதுதான். ஆனால் அடைப்பைக் கரைக்காது. தவிர நம் ஊரில் இந்த மாதங்களில் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினாலும் ஒரு சொட்டு வராது, தெரிந்த கதைதானே.

இரண்டு வாரம் கழித்து இரவில், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அடைப்பை இளக்கும் கிரீம். மருந்துக் கடையில் யூரியா கலந்தது, லாக்டிக் அமிலம் கலந்தது, இரண்டும் சேர்ந்தது என்று கிடைக்கும். யூரியா 10 சதவீதத்தில் தொடங்கு, தோல் தாங்கினால் 20 வரை போகலாம். அதற்கு மேல் போவதெல்லாம் பித்தவெடிப்புக்கு, கைக்கு இல்லை. லாக்டிக் அமிலம் என்றால் 12 சதவீதம் வரை. பூசியதும் லேசாகச் சுரீரென்று இருந்து அடங்கினால் பயமில்லை. எரிந்துகொண்டே இருந்தால் கழுவிவிட்டுச் சில நாள் வெறும் மாய்ஸ்சரைசருக்குத் திரும்பு. கீறல் இருக்கும் இடத்திலும், வேக்ஸிங் செய்த அன்றும் மறுநாளும் இதைத் தொடாதே.

யூரியா என்றதும் கேத்தியிலிருந்து வந்த ஒரு கேரட் விவசாயி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தோட்டத்துக்கு மூட்டை மூட்டையா போடுறமே, அதேவாங்க?" அதே மூலக்கூறுதான். நம் தோல் தன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள இயற்கையாகவே வைத்திருக்கும் சரக்குகளில் யூரியாவும் ஒன்று. அதற்காக மூட்டையைப் பிரித்து எடுத்துக் கரைத்துப் பூசிவிடாதீர்கள். அவர் அப்படியும் கேட்டார், அதனால் சொல்கிறேன். தயிர் பூசுவதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தயிரில் லாக்டிக் அமிலம் இருப்பது உண்மை. ஆனால் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், இந்த வேலைக்குப் போதாது. சாப்பிடுங்கள்.

பகலில் அரைக்கை போடுவதாக இருந்தால் கைக்கும் சன்ஸ்கிரீன் வேண்டும். லாக்டிக் அமிலம் பூசிய தோலை வெயில் சீக்கிரம் சுடும். குளிராக இருக்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று நினைக்காதே. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. கோத்தகிரியும் குன்னூரும் ஆயிரத்து எழுநூறைத் தாண்டியவை, ஊட்டி இரண்டாயிரத்து இருநூறைத் தாண்டியது. உன் கறுத்த தழும்புகளை மேலும் கறுக்க வைப்பதும் இந்த வெயில்தான்.

இப்போது மாசிக் கல்யாணம். சொரசொரப்பு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் நன்றாகக் குறையும், இன்றே தொடங்கினால் நேரம் இருக்கிறது. கறுத்த புள்ளிகள் அதற்குள் போகாது. கிள்ளிய தழும்பு மங்க மாதக்கணக்கில் ஆகும். அதுவும் இன்றோடு நீ கிள்ளுவதை நிறுத்தினால்தான். விரல் தானாக அங்கே போகிறது என்றால், படிக்கும்போது முழுக்கைச் சட்டை போட்டு உட்கார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பார்லரில் ஸ்க்ரப், பீல் என்று எதையாவது புதிதாகச் செய்யச் சொல்வார்கள். உறவுக்காரப் பெண்கள் நாலு பேர் கூட்டாகப் போகும்போது மறுக்கக் கஷ்டம்தான், ஆனாலும் மறுத்துவிடு.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கல்யாணம் முடிந்து கிரீமை நிறுத்தினால் சில வாரங்களில் மேடுகள் திரும்பி வரும். இது பல் துலக்குவது மாதிரி. ஒரு தடவை துலக்கியாயிற்று என்று யாரும் பிரஷ்ஷைத் தூக்கிப் போடுவதில்லை. தோல் மழமழப்பானதும் இளக்கும் கிரீமை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்துக்கொள், மாய்ஸ்சரைசரை விடாதே. கோவையில் இருக்கும் மாதங்களில் அதிலும் சலுகை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால் நேரில் வா. ரெட்டினாய்டு என்கிற, வைட்டமின் ஏ சார்ந்த வகைக் கிரீம்கள் இருக்கின்றன, பார்த்துத்தான் கொடுக்க முடியும். கடைக்காரரிடம் கையை நீட்டிக் காட்டி, அவர் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த ட்யூபை மட்டும் வாங்கிவிடாதே. அதில் சிவப்பு சட்டென்று அடங்கும், தோல் மெலிந்து வரி விழும்.

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்குத் தொடையிலும் மேல்கையிலும் இதே சொரசொரப்பு. சாலிசிலிக் அமிலம் பூசினால் போகும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கள் கடையில் விண்டர்கிரீன் ஆயில் விற்கிறோம், அதிலும் சாலிசிலேட்தான் இருக்கிறது என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. காசு கொடுத்து கிரீம் வாங்குவதற்குப் பதில் இதையே தேய்த்துக்கொள்ளலாமா? அப்பாவுக்கும் உண்டு, அவருக்கும் தேய்க்கலாமா? அவர் இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.
ஒரு வாசகர், ஊட்டி

பதில்: நல்லவேளை, தேய்ப்பதற்கு முன் கேட்டீர்கள். வேண்டாம் தம்பி. உங்களுக்கும் வேண்டாம், அப்பாவுக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

பெயரில் சொந்தக்காரர்கள் என்பதற்காக இரண்டும் ஒரே வேலை செய்யாது. சாலிசிலிக் அமிலம் தோலின் மேலடுக்கில் செத்த செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசையைத் தளர்த்துகிறது. அடைப்பு இளகுவது அதனால்தான். நம் மலைச்சரிவுகளில் வளரும் கோல்தீரியா இலையிலிருந்து காய்ச்சி எடுக்கும் விண்டர்கிரீன் எண்ணெயில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஏறக்குறைய முழுவதுமே அதுதான். அது தோலைச் சூடேற்றும், வலியை மரக்கச் செய்யும், உள்ளேயும் இறங்கும். மூட்டு வலிக்கு வேறு எண்ணெயில் கலந்து கொஞ்சமாகத் தேய்ப்பது வேறு கதை. இரண்டு தொடை, இரண்டு கை என்று அவ்வளவு பரப்பில், வறண்டு வெடித்த தோலில் சுத்தமான எண்ணெயைத் தேய்த்தால் முதலில் கொப்புளம்தான் வரும்.

அப்பா விஷயம் இன்னும் முக்கியம். வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு, தோலில் தேய்க்கும் மெத்தில் சாலிசிலேட்கூட மருந்தின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுவிடும். அவர் ஏற்கெனவே முட்டி வலிக்கு இதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள். ஊட்டியில் எந்த வீட்டு அலமாரியில் அந்த பாட்டில் இல்லை? தேய்ப்பவராக இருந்தால் நிறுத்திவிட்டு அவருடைய டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு டீஸ்பூன் விண்டர்கிரீன் எண்ணெயில் இருக்கும் சாலிசிலேட், சாதாரண ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்குச் சமம். மிட்டாய் வாசனை வேறு. ஒரு குழந்தை அதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. விலைப்பட்டியல் எழுதும் அட்டையில் "குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதி வையுங்கள். யூகலிப்டஸ் தைலமும் அப்படித்தான், அதுவும் இந்தச் சொரசொரப்புக்கு மருந்தில்லை.

உங்களுக்கு 2 சதவீத சாலிசிலிக் அமில லோஷனோ, மேலே கோத்தகிரிப் பெண்ணுக்குச் சொன்ன யூரியா கிரீமோ போதும். தொடைக்கு இறுக்கமான ஜீன்ஸைக் கொஞ்ச நாள் விட்டுவைத்தால் இன்னும் நல்லது. அப்பாவுக்கு வெறும் மாய்ஸ்சரைசர்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. இரண்டு முழங்கையிலும் முழங்காலிலும் முள் முள்ளாகத் தோல் தடித்திருக்கிறது, பின்புறமும் கொஞ்சம். குளிரால் வருவது, பெரியவனானால் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். சோறும் பருப்பும்தான் சாப்பிடுவான், காய்கறி தொடமாட்டான். வீட்டில் சமையல் தேங்காய் எண்ணெயில்தான். என்ன செய்யலாம்?
ஒரு தாய், பந்தலூர்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது நீங்கள் இடத்தைச் சரியாகச் சொன்னதுதான். மேல்கை என்றால் நானும் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சையே சொல்லியிருப்பேன். முழங்கை முனை, முழங்கால் மூட்டு என்றால், அதுவும் கொஞ்சம் பெரிய மேடாக, நடுவில் கூம்பாக முள் நீட்டிக்கொண்டிருந்தால், சாப்பாட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைப் பிரினோடெர்மா என்போம்.

இதற்கும் நம் மலைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்தது குன்னூரில். 1918-இல் பாஸ்டர் நிலையத்தில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய மெக்கரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய சின்ன வேலை அது. பிறகு ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1930-களில் அதன் இயக்குநர் எய்க்ராய்டு தலைமையில் அங்கிருந்தவர்கள் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது கவனித்த குறைகளில் இந்த முள் தோலும் ஒன்று. அந்தக் காலத்தில் முழுப் பழியையும் வைட்டமின் ஏ மேல் போட்டார்கள். பிறகு, உடம்பு தானே செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்கள், பி வைட்டமின்கள், இவற்றின் பற்றாக்குறையும் காரணம் என்று தெரிந்தது. தரையில் முழங்கை ஊன்றிப் படுத்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த அழுத்தமும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் பையனின் கண்ணைக் கவனியுங்கள். சாயங்காலம் வெளிச்சம் குறைந்ததும் தடுமாறுகிறானா, எதிலாவது இடித்துக்கொள்கிறானா? கண் வறண்டு, வெள்ளை விழியில் நுரை ஒட்டியது போல் சாம்பல் நிறப் புள்ளி தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மறுநாளே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இல்லாவிட்டாலும் இந்த மாதத்துக்குள் ஒரு டாக்டர் பார்த்துவிடுவது நல்லது. வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் தலைவலி, வாந்தி என்று தொடங்கி ஈரல் வரை பாதிக்கும்.

சாப்பாட்டில் மாற்றத்தை எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். தேங்காய் எண்ணெயில் லினோலிக் அமிலம் மிகக் குறைவு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றிலும் தாராளமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெயை நிறுத்தச் சொல்லவில்லை, பந்தலூரில் அதைச் சொல்லிவிட்டு நான் ஊர் திரும்ப முடியாது. பருப்புச் சோற்றில் தினம் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள், அது போதும். காய்கறி தொடாத பையன் பருப்பு தொடுவான் அல்லவா? அந்தப் பருப்பிலேயே முருங்கைக்கீரையையோ கேரட்டையோ மசிய வேகவைத்துக் கடைந்துவிடுங்கள். கேரட் சத்து உடம்பில் சேர எண்ணெயும் வேண்டும், ஆக இரண்டும் ஒரே கவளத்தில் போய்விடும். முட்டை சாப்பிடுவான் என்றால் அதுவும் தினம் ஒன்று.

மேலே பூச 10 சதவீதத்துக்கு மேற்படாத யூரியா கிரீம், இரவில். சாலிசிலிக் அமிலம் இந்த வயதுக்கு வேண்டாம். தோல் மழமழப்பாகச் சில மாதம் பிடிக்கும்.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கிறேன். கை சொரசொரப்புக்குக் கல்யாணத்துக்கு முன் டாக்டர் கொடுத்த அடாபலீன் ஜெல் வீட்டில் இருக்கிறது. பூசலாமா?
வாசகி, கொடைக்கானல்

பதில்: கூடாது. அடாபலீன் ரெட்டினாய்டு வகை, அந்த வகை எதுவும் இப்போது வேண்டாம், சாலிசிலிக் அமிலத்தைப் பெரிய பரப்பில் பூசுவதும் வேண்டாம். மாய்ஸ்சரைசரும் 10 சதவீத யூரியா கிரீமும் தாராளமாகப் பூசலாம். தெரியாமல் நாலு நாள் பூசிவிட்டேன் என்று பயந்துபோய்த்தான் எழுதினீர்கள் என்றால், தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவு. நிறுத்திவிட்டு, அடுத்த செக்கப்பில் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: லேசர் போட்டால் ஒரேயடியாகப் போய்விடுமா? ஜிம் போகிறேன், கையில்லாத பனியன் போடக் கூச்சமாக இருக்கிறது.
வாசகர், வெலிங்டன்

பதில்: ஒரேயடியாகப் போகாது. லேசரால் சிவப்பும் உள்ளே சுருண்ட முடியும் குறையும், சொரசொரப்பு அவ்வளவாகக் குறையாது. நம் மாநிறத் தோலில் தப்பான லேசரைத் தப்பான அளவில் போட்டால் சுட்ட தழும்பு மிஞ்சும். அந்தக் காசில் வருஷக்கணக்குக்குக் கிரீம் வரும். ஜிம்மில் வியர்வையோடு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பாமல், உடம்பைக் கழுவிவிட்டுப் போங்கள். கூச்சத்துக்கு ஒரு சமாதானம் சொல்கிறேன். இது ரொம்பச் சாதாரணமானது, உங்கள் ஜிம்மிலேயே இன்னும் சில பேருக்கு இருக்கும், தேடிப் பாருங்கள்.

கேள்வி: பாட்டிக்கு 74 வயது. குளிர் தாங்காமல் நாள் முழுக்கக் கணப்புச் சட்டி பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். முழங்காலுக்குக் கீழே தோல் சொரசொரப்பாகி, வலை பின்னியதுபோல் பழுப்பாகக் கோடுகள் வந்திருக்கின்றன. இதுவும் நீங்கள் சொல்லும் அதே மேடுதானா?
பேத்தி, மஞ்சூர்

பதில்: இல்லை. இது சூட்டுத் தழும்பு. தோல் சுட்டுப் பொத்துப்போகும் அளவுக்கு இல்லாத சூடு, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் இப்படி வலை வலையாகக் கறுக்கும். ரூம் ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொள்பவர்களுக்கும், மடியில் லேப்டாப் வைத்து வேலை செய்யும் பேரப்பிள்ளைகளுக்கும் இதே கோடுகள் வரும்.

பாட்டியைக் கணப்பை விட்டு எழுப்ப முடியாது என்று எனக்குத் தெரியும். சட்டியை இரண்டு அடி தள்ளி வையுங்கள். காலுக்குக் கம்பளிச் சாக்ஸ், அதன் உள்ளே மெல்லிய பருத்திச் சாக்ஸ் போட்டுவிடுங்கள். காலையும் இரவும் காலில் கெட்டியான கிரீமோ வாசலினோ தடவுங்கள், தடவியதும் கணப்பு பக்கம் போக வேண்டாம். சூடு நின்றால் புதிய கோடுகள் மங்கும், பழையவை தங்கிவிடலாம். அந்த இடத்தில் ஆறாத புண்ணோ, கெட்டியான மேடோ வந்தால் மட்டும் தள்ளிப் போடாமல் உடனே காட்டுங்கள், பல வருஷச் சூடு பட்ட தோலில் அரிதாகப் புற்று வருவதுண்டு.

ராத்திரி படுக்கப் போகும்போது கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறாரா என்பதையும் பாருங்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சட்டி வெளியே, பாட்டிக்கு உள்ளே ஒரு ஹாட் வாட்டர் பேக். அதையும் துணி சுற்றிக் கொடுங்கள்.